மூணாற்றுப் பனியும் நம்மவர் கம்பளியும்

குறிஞ்சி நிலத்திற்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பொழுதுகளாக வகுத்தது தொல்காப்பியம். மலைக்கும் குளிருக்கும் உள்ள உறவை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். எனினும் பனிமலை என்றதும் நாம் இமயத்தை எண்ணுகிறோம். அன்றேல் நார்வே நாட்டில் மலைகளுக்கிடையே புகுந்து, உட்கோடிகளில் குளிர்காலத்தே உறைந்து கிடக்கும் கடற்கழிகளை எண்ணுகிறோம். அத்தகைய கழி நம் நாட்டில் இல்லை. ஆயின் நாம் வாழும் பாலக்காட்டிற்குத் தெற்கே, இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், உறைபனி மூடும் பள்ளத்தாக்குகள் உண்டு. அக்குளிரைத் தாங்கியோர் பெரும்பாலும் தமிழரே.

மூணாற்றுக்கு அணித்தே நிற்கும் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. தென்னிந்தியாவில் இதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. மார்கழி, தை மாதங்களில் மேகமும் காற்றும் அற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமுடையதாதலின் சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. செண்டுவரை முதலிய தோட்டங்களில் சில ஆண்டுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே செல்வதுண்டு. 2019 ஜனவரியிலும் அவ்வாறு நேர்ந்தது. விடியலில் புல்வெளி சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்திருக்கும். வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகிவிடும்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் இம்மலைகளைப் பூஞ்சாற்று அரசரிடம் குத்தகையாகப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது. காட்டை அழித்துத் தேயிலை நடுவதற்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். கரிசல் வெயிலிற் பிறந்தோர் உறைபனியில் வந்து நின்றனர்.

இரயில்வேப் பணியிலிருக்கும் நமக்கு மற்றொரு செய்தி சுவை தரும். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908-இல் இரண்டடி அகல இருப்புப்பாதையும் அமைந்தன. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை வண்டியிலும், ஆங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்திலும் இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தன. 1924 ஜூலையில் நேர்ந்த பெருவெள்ளம் அப்பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்பெறவில்லை. தொழிலாளரோ அங்கேயே தங்கினர்.

பனித்தல் என்பதற்கு நடுங்குதல் என்றும் நம் மொழியில் பொருளுண்டு. அந்நடுக்கத்திற்கு அவர்கள் பெற்ற துணை ஒரு கம்பளி. அக்காலத் தோட்டங்களில் கம்பளியின் விலையையும் கூலியிற் கழித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1951-இல் இயற்றப்பெற்ற தோட்டத் தொழிலாளர் சட்டமே, குளிருக்கும் மழைக்கும் காப்பாகக் கம்பளி, குடை முதலியவற்றை முதலாளியே வழங்குமாறு விதிசெய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. கொழுந்து பறிக்கத் தொடங்கிப் பல்லாண்டுகள் கழிந்தபின் வந்த நீதி அது!

கம்பளி கிடைத்தது, காணி கிடைத்ததா? லயத்து வீடு தோட்டத்துக்குரியது. வேலையினின்று ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டும். மூன்று நான்கு தலைமுறை அம்மலையிற் குளிர்காய்ந்த குடும்பங்களுக்கும் பெரும்பாலும் இதுவே நிலை.

பனி காண மூணாறு செல்லும் அன்பர்கள், வெண்புல்வெளியைக் கண்டு மகிழ்வதோடு, அங்குள்ள முதியோரிடம் அவர்தம் பாட்டனார் எவ்வூரிலிருந்து, எவ்வழியே மலையேறி வந்தனர் என்று கேட்டு எழுதிவருவார்களாக. அவற்றை அடுத்த மலரில் தொகுத்து வெளியிடுதல் நம் சங்கத்திற்குத் தகுந்த பணியாகும்.