தாம்பரத்து வீடுகளின் விடுமுறைக் கணக்கு

குறைந்த வருமானத்தில் குடும்பத்தோடு நாலு நாள் வெளியூர் போய்வருவது எப்படி என்று கேட்டால், இன்று கிடைக்கும் பதில்கள் எல்லாம் வீட்டு வரவுசெலவு நோட்டோடு நின்றுவிடுகின்றன. மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வை, சீட்டுப் போடு, சீசன் முடிந்தபிறகு கிளம்பு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போ. இவற்றில் எதுவும் தப்பான யோசனை இல்லை. நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததுதான். ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று சென்னையின் தென்புறத்தில் குடியேறிய சாதாரணச் சம்பளக்காரக் குடும்பங்கள் கடந்த எழுபது, எண்பது ஆண்டுகளாக விடுமுறையை எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால், சிக்கனம் மட்டுமே அவர்களை ரயிலேற்றவில்லை என்பது தெரிகிறது. செலவை ரயில்வேயும் அரசும் வேலை கொடுத்தவரும் ஊரிலிருந்த சொந்தபந்தமும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பங்காளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்ட பிறகுதான், விடுமுறை ஒரு வீடு கைக்காசில் தனியாகத் தூக்க வேண்டிய சுமையானது. என் வாதம் இதுதான்.

தாம்பரம் வந்தேறிகளின் ஊர். 1928இல் காசநோய் சானடோரியம், 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில், 1937இல் கிறித்தவக் கல்லூரி, 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., 1958இல் கிண்டி தொழிற்பேட்டை என்று வேலையும் படிப்பும் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தன. விமானப்படை நிலையம், ரயில்வே பணிமனை, மீனம்பாக்கம் விமான நிலையம் ஆகியவற்றில் வேலை கிடைத்தவர்கள் நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் தெற்கே நகர்ந்தார்கள். திருநெல்வேலி, மதுரை, தஞ்சாவூர், தென்னாற்காடு என்று எங்கிருந்து வந்தவரானாலும் தெற்கிலிருந்து வரும் விரைவு ரயில் எழும்பூர் போகுமுன் தாம்பரத்தில் நிற்கும். இறங்கினால் வீடு பக்கம். இங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னால் ஊரில் இன்னொரு வீடு இருந்தது. இந்தப் பகுதியின் விடுமுறை வரலாறு அந்த இரண்டாவது வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

முழுப் பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போவது என்பதை நாம் சுற்றுலாக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பேன். ட்ரங்குப் பெட்டி, ஹோல்டால், தண்ணீருக்குக் கூஜா, மந்தார இலையில் மடித்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மறுநாளைக்குத் தாங்கும் புளியோதரை ஆகியவற்றோடு மீட்டர்கேஜ் ரயிலில் இரண்டாம் வகுப்பில் ஏறிய குடும்பம் வழியில் காபிக்கு மேல் காசைத் தொட வேண்டியிருக்காது. 1977 ஆகஸ்ட் 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபின் மதுரைப் பக்கத்துக்காரர்கள் பகலிலேயே போய்ச் சேர முடிந்தது. போய்ச் சேர்ந்தபின் ஒரு மாதம் தங்க வாடகை இல்லை. கிணறு, தோப்பு, தேர்த்திருவிழா, டூரிங் டாக்கீஸ் இருந்தன. திரும்பும்போது பெட்டியின் எடை கூடும்: அரிசி, புளி, வத்தல், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். ரயில் கட்டணத்தில் ஒரு பகுதியை அந்த மூட்டைகளே ஈடுகட்டின.

இது இனாமாகக் கிடைத்தது என்று நினைத்தால் கணக்கு தப்பும். ஊரில் தங்கியதற்கான கடனைத் தாம்பரத்து வீடு வருடம் முழுக்கத் திருப்பிச் செலுத்தியது. சானடோரியத்தில் காட்ட வந்த பெரியப்பா, எம்.ஐ.டி.யில் சேர வந்த அத்தை மகன், இன்டர்வியூவுக்கு வந்த மாமாவின் பையன், வேலை கிடைத்தபின் ரூம் பார்க்கும்வரை அங்கேயே தங்கிவிட்ட தம்பி – இவர்கள் எல்லாரும் ஒற்றைப் படுக்கையறை வீட்டின் கூடத்தில் பாய் விரித்தார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழி இந்த வீடுகளில் செல்லுபடியாகவில்லை. கோடையில் ஊர் வீடு தாங்கியது, மற்ற மாதங்களில் நகரத்து வீடு தாங்கியது. ரொக்கம் கைமாறாத இந்தப் பரிமாற்றத்தை எந்த வரவுசெலவு நோட்டும் பதிவு செய்யவில்லை. அதனால்தான் அந்தக் காலத்துக் குடும்பங்கள் தங்கள் திறமையால் மட்டுமே கட்டுசெட்டாக விடுமுறை கழித்தன என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது.

இரண்டாவது பங்காளி அரசு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1956இல் வந்த விடுப்புப் பயணச் சலுகை, எல்லாரும் எல்.டி.சி. என்று சொல்வது, இன்றும் 1988ஆம் ஆண்டு விதிகளின்படி நடக்கிறது. நாலு வருடத் தொகுப்பில் சொந்த ஊருக்கு இருமுறை போகலாம், அல்லது அதில் ஒன்றை விட்டுவிட்டு இந்தியாவில் எங்காவது ஒருமுறை போகலாம். இந்தச் சலுகையின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அது டிக்கெட்டுக்கு மட்டுமே பணம் தருகிறது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஒரு பைசா கிடையாது. போகிற இடத்தில் ஊழியருக்கு ஒரு வீடும் அடுப்பும் காத்திருக்கும் என்று அரசே எண்ணித்தான் திட்டம் போட்டிருக்கிறது. உறவுக்காரர்களின் பங்கு அந்த விதிகளுக்குள்ளேயே எழுதப்படாமல் அடங்கியிருக்கிறது. தாம்பரத்தின் ரயில்வே குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய வசதி இருந்தது: ஐந்து வருடப் பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு மூன்று இலவசப் பாஸ், குடும்பத்துக்கும் சேர்த்து. காசி, டெல்லி என்று வேறு யாரும் கனவு காணத் தயங்கிய தூரங்களை, ரயில்வே காலனிப் பிள்ளைகள் பள்ளி முடிப்பதற்குள் பார்த்துவிட முடிந்தது.

இது அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களின் கதைதானே, தோல் ஷெட்டிலும் கல்குவாரியிலும் கட்டட வேலையிலும் இருந்தவர்களுக்கு எல்.டி.சி. ஏது, ஒரு மாத விடுப்பு ஏது என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. தினக்கூலிக்காரருக்குக் காசுக்கு முன்னால் நாள் வேண்டும். வேலைக்குப் போகாத நாள் சம்பளமில்லாத நாள். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்புத் தந்தது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களைச் சம்பளத்தோடு சேர்த்தது. அதற்கு வெளியே இருந்தவர்களுக்கு மிஞ்சியது ஒற்றை நாள் விடுமுறைதான். அந்த ஒற்றை நாளுக்கும் பொதுப் பணம் துணை நின்றது என்பதே என் வாதத்துக்கு முக்கியமான சான்று.

அந்த நாள் காணும் பொங்கல். போகிற இடம் கடற்கரை, மாமல்லபுரம் அல்லது மிருகக்காட்சி சாலை. சென்னையின் மிருகக்காட்சி சாலை 1855இல் எட்வர்ட் பால்ஃபர் முயற்சியில் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. பதப்படுத்திய உருவங்கள் இருந்த அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் விலங்குகள் இருந்த இடத்தை உயிர் காலேஜ் என்றும் சனங்கள் அழைத்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வீடு திரும்புவது ஏழைகளுக்கும் எட்டிய சுற்றுலா. 1979இல் வண்டலூர்க் காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டு, 1985இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டபோது, நகரத்தின் மிகப் பெரிய மலிவுச் சுற்றுலாத்தலம் தாம்பரத்துக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது. ராமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணைகூட முதலில் சேலையூரில்தான் இருந்தது. 1972இல் கிண்டிக்கு மாறியது. எழும்பூர், கிண்டி, வண்டலூருக்கெல்லாம் போகவர மின்சார ரயில் இருந்தது, இன்றும் அதன் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய்தான். காணும் பொங்கலன்று வண்டலூர் மரத்தடியில் பெட்ஷீட் விரித்து, எவர்சில்வர் தூக்கிலிருந்து எலுமிச்சைச் சாதத்தைப் பங்கிடும் குடும்பம் மொத்தமாகச் செலவழிப்பது நுழைவுச் சீட்டுக்கும் ரயிலுக்கும் பிள்ளைகளின் ஐஸுக்கும்தான். விலங்குகளின் தீனியும் காவலும் காடும் அரசின் செலவு.

பெண்கள் பக்கமிருந்து வரும் ஆட்சேபம் இன்னும் கடுமையானது. ஊருக்குப் போனால் அடுப்பு மாறுமே தவிர வேலை மாறாது. மாமியார் வீட்டில் இருபது பேருக்கு வடித்துக்கொட்டுவதா விடுமுறை? மரத்தடிச் சாதத்துக்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தது யார்? இதற்கு மறுமொழி சொல்லித் தப்பிக்க முடியாது. பழைய ஏற்பாட்டின் செலவில் பெரும்பங்கைப் பெண்களின் உழைப்பே தாங்கியது. உறவும் அரசும் பகிர்ந்தது போக மிச்சமிருந்ததை அவர்கள் தங்கள் உடம்பால் கட்டினார்கள். ஆனால் இதனாலேயே மலிவுச் சுற்றுலா என்றால் சமைத்து எடுத்துக்கொண்டு போ என்ற அறிவுரை எனக்கு உறுத்துகிறது. அது அதே சுமையை அதே தலையில் மறுபடி வைக்கிறது. பெண்ணுக்கும் ஓய்வு கிடைக்க வேண்டுமானால் தங்குமிடமும் சாப்பாடும் மலிவாகக் கிடைக்க வேண்டும். அதற்கும் நம்மிடம் முன்னோடி உண்டு. ராமேசுவரம் போகும் வழியெங்கும் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களில், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் உட்பட, யாத்திரிகர்களுக்குத் தங்க இடமும் சோறும் கிடைத்தன. 1971இல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஒருநாள் திருப்பதிப் பயணம், பேருந்து, தரிசனம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணத்தில் தந்ததால் பல ஆண்டுகள் கூட்டம் குறையாமல் ஓடியது. தாம்பரத்துத் தெருக்களில் ஒருவர் முன்னின்று ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து, சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு கிளம்பும் ஆறுபடை வீட்டு வேனும் இதே வழியைத்தான் பிடித்தது.

இப்போது வருமானம் கூடிவிட்டதே, முன்பைவிட அதிகம் பேர் ஊர் சுற்றுகிறார்களே என்ற கேள்வி மிஞ்சுகிறது. உண்மைதான். ஆனால் செலவு கூடிய வேகமும், அது யார் தலையில் விழுகிறது என்பதும் மாறிவிட்டன. 1995இல் தாம்பரத்துக்கு மேற்கே நவோதயா அப்பச்சன் கிஷ்கிந்தாவைத் தொடங்கியபோது புதிய வகை விடுமுறை ஒன்று வாசலுக்கே வந்தது: தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம். உறவுக்காரர் வீட்டில் ஆறு பேர் போனாலும் எட்டுப் பேர் போனாலும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி டிக்கெட். ஊரிலிருந்த சித்தப்பா குடும்பம் இன்று ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ ஃப்ளாட் வாங்கித் தவணை கட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது அல்லது விற்றாகிவிட்டது. தனியார் வேலையில் இருப்பவருக்கு எல்.டி.சி. கிடைத்தாலும் புதிய வருமானவரி முறையில் அதற்கு விலக்கு இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கோ அந்தப் பேச்சே இல்லை.

ரயிலின் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் அதில்தான் மாற்றம் துல்லியமாகத் தெரிகிறது. கணவன், மனைவி, ஏழும் பத்தும் வயதான இரண்டு பிள்ளைகள், அறுபதைத் தாண்டிய தாத்தா, பாட்டி என்று ஆறு பேர். 2016 ஏப்ரலுக்கு முன் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அரை டிக்கெட்டிலேயே முழுப் படுக்கை கிடைத்தது. தாத்தாவுக்கு 40 சதவீதமும் பாட்டிக்கு 50 சதவீதமும் அடிப்படைக் கட்டணத்தில் தள்ளுபடி. ஆகப் பெற்றோருக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு ஒன்று, தாத்தாவுக்கு 0.6, பாட்டிக்கு 0.5, மொத்தம் 4.1 டிக்கெட் விலை. 2016இல் தனிப் படுக்கை வேண்டும் பிள்ளைக்கு முழுக் கட்டணம் என்றானது. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை நிறுத்தப்பட்டது, பெருந்தொற்று முடிந்தபிறகும் திரும்பவில்லை. அதே ஆறு பேருக்கு இன்று ஆறு டிக்கெட். கட்டண விகிதம் ஒரு காசுகூட ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்தக் குடும்பத்தின் பயணச் செலவு ஏறக்குறைய பாதி கூடிவிட்டது. நோட்டுப் போட்டு எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் இந்த இடைவெளியை மறுபடி பிடிக்க முடியாது.

பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணமாகத் திரும்பக் கிடைக்கிறது என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சடிக்கிறது; எல்லாருக்கும் சலுகை கொடுத்தால் யார் பணம் கட்டுவது என்று அதிகாரிகள் கேட்பார்கள். இந்தக் கேள்வியை வேறு நாடுகளும் எதிர்கொண்டன. பிரான்ஸ் 1936இல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பைச் சட்டமாக்கியது. அதே வருடம் அந்நாட்டின் ஓய்வுத்துறைத் துணையமைச்சர் லியோ லக்ராஞ்ச் அவர்களுக்காக 40 சதவீதத் தள்ளுபடியில் ஆண்டுக்கு ஒரு ரயில் டிக்கெட்டையும் கொண்டுவந்தார். டிக்கெட் இல்லாமல் விடுப்பு மட்டும் தந்தால் தொழிலாளி வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. நம் ரயில்வேக்கும் வழி தெரியாமலில்லை. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுப்பயணச் சீட்டில் வழியில் எட்டு இடங்கள்வரை இறங்கிப் பார்க்கலாம் என்பதும் இன்றும் விதிகளில் இருக்கின்றன. தாம்பரத்திலிருந்து 2018இல் நெல்லைக்குக் கிளம்பிய அந்த்யோதயா முழுக்க முன்பதிவில்லாப் பெட்டிகள் கொண்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தோடு ராமேசுவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நேரடி ரயில் வந்திருக்கிறது. வண்டிகள் இருக்கின்றன. ராமேசுவரம் ரயிலில் பிள்ளைக்கு அரை டிக்கெட்டில் படுக்கையையும் பாட்டிக்குப் பாதிக் கட்டணத்தையும் மறுபடி கொடுப்பதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ரயில்வே வாரியத்தின் ஒரு சுற்றறிக்கை போதும், அதற்கான பணத்தை வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக ஒதுக்கிவிட்டால்.