நெருக்கடியில் இரு தலைவர்கள்
ஹூவரும் ரூஸ்வெல்ற்றும்

ஒரு நாட்டின் தலைவனை அமைதிக் காலத்தில் அளந்தறிதல் அரிது. நெருக்கடியே அவனுக்கு உரைகல். ஐக்கிய அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் பீடித்த காலத்தில் அடுத்தடுத்து ஜனாதிபதிகளாயிருந்த ஹேர்பேட் ஹூவர், பிராங்ளின் ரூஸ்வெல்ற் என்னும் இருவரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஹூவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். தம் முயற்சியாற் கற்றுச் சுரங்கப் பொறியியலாளராகிப் பெரும்பொருள் ஈட்டினார். முதலாம் உலக யுத்தத்தின்போது, பகைவர் வசப்பட்ட பெல்ஜிய நாட்டு மக்களுக்கு உணவளிக்கும் பணியைத் திறம்பட நடத்தி உலகப் புகழ் பெற்றார். 1929 மார்ச்சில் அவர் பதவியேற்றபோது, இவரினும் தகுதி வாய்ந்தவர் எவருளர் எனப் பலரும் எண்ணினர். ஆனால் அவ்வாண்டு ஒக்டோபரில் நியூ யோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. வங்கிகள் முறிந்தன, ஆலைகள் ஓய்ந்தன. 1933இல் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி அலைந்தார்.

ஹூவர் வாளாவிருந்தார் எனக் கூறுதல் நியாயமன்று. வங்கிகளுக்கும் புகையிரதக் கம்பனிகளுக்கும் கடன் வழங்க 1932இல் ஒரு கூட்டுத்தாபனம் அமைத்தார். ஆயினும், மத்திய அரசாங்கம் ஏழைகட்கு நேரடியாகப் பொருளுதவி செய்யின் மக்களின் தன்முயற்சி கெடும் என்ற கொள்கையை விடாது பற்றி நின்றார். பசித்த வயிறு கொள்கையைக் கேட்குமா? 1945இல் தமக்குக் கிடைக்கவிருந்த உபகாரப் பணத்தை முன்னதாகவே தரும்படி வேண்டி, முன்னாள் போர்வீரர் ஆயிரக்கணக்கானோர் 1932 கோடையில் வாஷிங்ரனிற் குடிசையமைத்துத் தங்கினர். யூலை 28ஆந் தேதி ஜெனரல் மக்காதரின் படை கண்ணீர்ப்புகை வீசி அவர்களைத் துரத்தியது, குடிசைகள் எரிந்தன. மக்காதர் தமக்கிட்ட எல்லையைக் கடந்தார் எனினும், பழி ஹூவரையே சார்ந்தது. நவம்பர்த் தேர்தலில் அவர் தோல்வியுற்றார்.

ரூஸ்வெல்ற் செல்வக்குடியிற் பிறந்தவர். 1921இல் இளம்பிள்ளை வாதத்தாற் கால்கள் செயலிழந்தவர். 1933 மார்ச் 4ஆந் தேதி பதவியேற்று, இரண்டே நாட்களில் நாட்டின் வங்கிகள் அனைத்தையும் தற்காலிகமாக மூடினார். 12ஆந் தேதி இரவு வானொலியிற் பேசினார். மக்கள் வைப்புச் செய்த பணத்தை வங்கி என்ன செய்கின்றது என்பதை, அயல்வீட்டாருடன் உரையாடுவார்போல் எளிய மொழியில் விளக்கினார். வங்கிகள் மீண்டும் திறந்தபோது, பணத்தை எடுக்க வந்தோரினும் வைக்க வந்தோரே மிகுந்திருந்தனர்.

அவ்வாண்டில் முன்னாள் வீரர் மறுபடியும் வந்தனர். பணத்தை முன்னதாகக் கொடுக்க ரூஸ்வெல்ற்றும் இசைந்தாரல்லர். ஆனால் அவர்களுக்கு உறைவிடமும் உணவும் அளித்தார். அவர் மனைவியார் எலினோர் நேரிற் சென்று உரையாடினார். காடு வளர்க்கும் பணியிற் பலருக்கு வேலையுங் கிடைத்தது. கோரிக்கை ஒன்றே; மறுப்பும் ஒன்றே. மறுத்த முறையிலேதான் இரு தலைவரின் வேற்றுமை விளங்குகின்றது.

இதனால் ரூஸ்வெல்ற் குறையற்றவர் என்று கொள்ளலாகாது. 1937இல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளின் தொகையைக் கூட்ட முயன்று தோற்றார். 1942இல் அவர் பிறப்பித்த ஆணையால், ஜப்பானிய வமிசத்தவர் ஏறத்தாழ 1,20,000 பேர் விசாரணையின்றி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரசைகளே. மக்களின் அன்பைப் பெற்ற தலைவனும் அநீதி இழைக்கக் கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. ஹூவரோ, 1946இல் ஜனாதிபதி ட்ரூமனின் வேண்டுகோளை ஏற்று, உலக நாடுகளின் உணவுப் பஞ்சத்தை ஆராயப் புறப்பட்டார். அவரது ஆற்றல் மங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

நாளைய சங்கங்களையும் சபைகளையும் நடத்தப்போகும் இளைஞர்காள்! திறமை மட்டும் தலைமையாகாது. இன்சொல் மட்டும் நீதியாகாது. கொள்கையில் உறுதி வேண்டும். அக்கொள்கையால் வருந்துவோரின் முகத்தை நேரிற் காணும் நெஞ்சமும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையப்பெற்றவரே மக்கள் நம்பத்தக்க தலைவராவர்.