விளையாட்டுப் பயிற்சியும் நினைவாற்றலும்

'இவனுக்கு எதுவும் மண்டையில் ஏறாது' என்னும் சொல்லைக் கேளாமல் பள்ளிப் பருவத்தைக் கடந்தவர் நம்மவருள் மிகச் சிலரே. நினைவாற்றல் பிறப்போடு வருவது, அதுவும் சில குடிகளுக்கே உரியது என்னும் எண்ணம் அச்சொல்லின் அடியில் மறைந்து கிடக்கின்றது. இவ்வெண்ணம் பிழையானது என்பதனை வகுப்பறையைக் காட்டிலும் விளையாட்டுத் திடல் தெளிவாக மெய்ப்பிக்கின்றது. கல்விக்கெனத் தோன்றிய நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் விளையாட்டைப் பற்றி எழுத நாம் முற்பட்டது இதனாலேயே.

நம் மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால், கன்னட நாட்டுத் தார்வாரில், தோல் தொழிலுக்குரியதென ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவர் பல்வங்கர் பாலு. 1890களில் புனே நகரில் ஆங்கிலேயர் ஆடிய மன்றமொன்றில் திடலைச் சீர்செய்யும் பணியாளராக மாதம் 4 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். அங்கு மட்டையாட்டப் பயிற்சி பெற வந்தோருக்குப் பந்து வீசுவதும் அவர் வேலையாயிற்று. அவர்களுள் சிறந்த ஆட்டக்காரரான ஜே. ஜி. கிரெய்க் என்பார், மற்றவர் வருமுன்னரே வந்து பாலுவின் பந்துகளை எதிர்கொள்வார். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் அவருக்கு எட்டணா கொடுப்பார் என்று கூறுவர். இவ்வாறு பல்லாண்டுகள், நாள்தோறும், இடக்கையால் பந்து வீசினார் பாலு. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்ற அவர், அச்சுற்றுப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

பயிற்சி நூல் எதையும் கல்லாத அந்தக் கை, எந்தப் பந்தை எங்கு, எவ்வளவு சுழற்றி வீசுவது என்பதனை எவ்வாறு நினைவில் கொண்டது? இவ்வினாவிற்கு விடையளிக்கும் அறிவியல், பாலுவின் காலத்தில் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது.

1885இல் எபிங்காசு என்னும் செருமானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் போக்கை அளந்து நூலொன்று வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி விரைவில் மறந்துவிடுகின்றது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கின்றது என்பதும் அவர் கண்ட முடிபுகள். பின்னர், 1953இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்துகொண்ட இளைஞர் ஒருவர் புதிய செய்திகளை நினைவில் கொள்ளும் ஆற்றலை இழந்தார். அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார், கண்ணாடியில் தெரியும் உருவைப் பார்த்தவாறே விண்மீன் வடிவம் ஒன்றை வரையச் செய்தார். முன்னர் வரைந்தது அவருக்குச் சிறிதும் நினைவில்லை. ஆயினும் நாளுக்கு நாள் அவர் கை தேர்ச்சி பெற்று வந்தது. செய்தியை நினைத்தல் வேறு, செயலை நினைத்தல் வேறு என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது. ஏட்டுப் பாடத்தில் பின்தங்கியவன் திடலிலும் பின்தங்குவான் எனக் கொள்வது எத்துணைப் பேதைமை!

பயிற்சியின் முறையைப் பற்றியும் இரு ஆய்வுகள் நமக்கு வழிகாட்டுகின்றன. 1978இல் இங்கிலாந்தின் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்தபோது, நாளொன்றுக்கு 4 மணி நேரம் பயின்றோரைவிட 1 மணி நேரம் பயின்றோர், மொத்தத்தில் குறைந்த மணி நேரத்திலேயே தேர்ச்சி பெற்றனர். 1979இல் சே, மார்கன் ஆகியோர் கை அசைவுகள் சிலவற்றைக் கற்பித்தனர். ஒன்றை முடித்து மற்றொன்று எனப் பயின்றோர் பயிற்சியின்போது விரைந்து தேறினர். எல்லாவற்றையும் கலந்து பயின்றோர் அப்போது தடுமாறினர். ஆனால் 10 நாள் கழித்துச் சோதித்தபோது, தடுமாறிக் கற்றவரே மேம்பட்டு நின்றனர்.

இனிப் பாலுவின் கதையை மீண்டும் நோக்குக. நாள்தோறும் வீசினார், இஃது இடைவெளியிட்ட பயிற்சி. ஆட்டக்காரர் மாற மாற வீச்சையும் மாற்றினார். இது கலந்த பயிற்சி. ஒவ்வொரு பந்தின் பயனையும் அக்கணமே கண்டார்; இது பிழை திருத்தம். அறிவியல் பின்னர் வகுத்த நெறிகள் அனைத்தும், யாரும் திட்டமிடாமலே, அவர் வேலையில் அமைந்திருந்தன.

ஆனால் ஒன்று அமையவில்லை. அம்மன்றத்தில் மணிக்கணக்கில் பந்து வீசிய அவர் கையில் மட்டையை மட்டும் கொடுத்தாரில்லை. புனேயில் பின்னர் அவரைத் தம் அணியில் சேர்த்துக்கொண்ட மேல்சாதியாரும், தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே தனிக் குவளையில் தேநீர் அளித்தனர். கையில் கொடாததை, கை எவ்வாறு நினைவில் கொள்ளும்? அவர் தம்பி விட்டல் சிறந்த மட்டையாட்டக்காரராகி 1923இல் இந்துக்கள் அணிக்குத் தலைமை தாங்கினார். பிறப்பு ஒன்றே, வாய்ப்பு வேறு. அவ்வளவே.

நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவும் இதற்குச் சான்று. ஐந்து அகவையில் விபத்தில் வலக்கால் சிதைந்த அவர், பள்ளித் திடலில் உயரம் தாண்டத் தொடங்கி, பெங்களூரில் முறையான பயிற்சி பெற்று, 2016இல் இரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் வென்றார்.

சிங்காரப்பேட்டைத் திடலில் பிள்ளைகளைப் பழக்கும் நம் இளைஞர்களுக்குச் சில சொல்வோம். ஓசூர் ஆலைகளில் முறைவேலை பார்த்துத் திரும்பும் உங்களுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. எனினும் ஞாயிறன்று நான்கு மணி நேரம் வாட்டுவதினும் நாள்தோறும் அரைமணி நேரம் பழக்குவதே நிலைக்கும். நீங்கள் வராத நாளில் மூத்த பிள்ளைகள் நடத்தட்டும். சடுகுடுவில் தொடுதலையும் பிடித்தலையும் தனித்தனியே அடுக்காது கலந்து தருக. நேற்றுக் கற்பித்ததை இன்று நீங்களே சொல்லிவிடாது, முதலில் பிள்ளையைச் செய்துகாட்டச் சொல்லுக. தானே தேடி எடுத்த நினைவே வேரூன்றும். ஒரு வேளைக்கு ஒரு திருத்தமே போதும். இரவில் நன்கு உறங்க விடுக. பகலில் பழகியதை மூளை உறக்கத்தில் உறுதிப்படுத்துகின்றது. தடுமாறும் பிள்ளையைக் கண்டு சினவற்க. அத்தடுமாற்றமே கற்றலின் அறிகுறி.

இவை எவற்றிற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வேண்டுவது ஒரு திடலும், அத்திடலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்த இடமுமே. 'மண்டையில் ஏறாது' என்று இனி எவரேனும் கூறின், 'எத்தனை முறை கொடுத்துப் பார்த்தீர்கள்?' என்று நாம் வினவுவோமாக.