போக்கர் மேஜை: நீராவிப் படகிலிருந்து கராஜ் வரை

சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவனுக்கு அந்தக் காலத்தில் இரண்டு இடங்கள் கைகொடுத்தன. ஒன்று அவனுடைய சட்டைக் கை. இன்னொன்று மேஜையின் அடிப்பக்கம். சட்டைக் கையை வைத்து எத்தனையோ சினிமாக்கள் வந்துவிட்டன. மேஜையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை! ஆனால் 2003-க்குப் பிறகு அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் வீட்டுக் கராஜிலேயே போக்கர் மேஜை செய்ய ஆரம்பித்தபோது, அவர்கள் வெட்டிய பலகையிலும் ஒட்டிய துணியிலும் இந்தப் பழைய திருட்டு வரலாறு ஒளிந்திருந்தது.

போக்கர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் உருவாகி, மிசிசிப்பி நதியின் நீராவிப் படகுகளில் ஏறி வடக்கே போன ஆட்டம். முதலில் மொத்தம் 20 சீட்டுகள்தான். ஆளுக்கு ஐந்து வீதம் நாலு பேருக்குக் கொடுத்தால் கட்டு தீர்ந்துவிடும். எனவே நாலு பேர் உட்காரும் எந்த மேஜையும் போதுமானதாக இருந்தது. 52 சீட்டுகளுக்கு மாறியதும் ஆட்கள் கூடினார்கள். அதற்கு வசதியாக இருந்தது வட்ட மேஜை. வட்டத்தில் தலைமை இருக்கை கிடையாது, எல்லோருடைய கையும் எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவனோடு பணம் வைத்து ஆடும்போது இது சின்ன விஷயமில்லை.

(மேஜை வட்டமாக இருந்தாலும் அறை வட்டமில்லையே! 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் ஊரில் வைல்ட் பில் ஹிக்காக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து போக்கர் ஆடினார். வழக்கமாகச் சுவரோரம் உட்காரும் மனிதர். அன்று அந்த இடம் கிடைக்கவில்லை. பின்னால் வந்த ஜாக் மெக்கால் அவரைச் சுட்டுக் கொன்றான்.)

இனி மேஜையின் அடிப்பக்கம். மந்திரவாதி ஜான் நெவில் மாஸ்கலின் 1894-ல் சூதாட்ட மோசடிகளை அம்பலப்படுத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதில் வரும் கருவிகளில் ஒன்றின் பெயர் 'பூச்சி'. மேஜை விளிம்புக்குக் கீழே குத்தி வைக்கும் சின்ன எஃகுக் கவ்வி அது. நல்ல சீட்டு ஒன்றை அதில் செருகி வைத்துவிட்டு, தேவைப்படும்போது விரலால் இழுத்துக்கொள்ளலாம். 1903-ல் காசியஸ் கூலிட்ஜ் வரைந்த, நாய்கள் போக்கர் ஆடும் புகழ்பெற்ற ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் ஒரு நாய் மேஜைக்கு அடியில் பக்கத்து நாய்க்கு ஏஸ் கடத்துகிறது! காலண்டர் படமாக வரைகிற அளவுக்கு அந்தத் தந்திரம் ஊரறிந்ததாக இருந்திருக்கிறது.

மேஜையின் மேல் விரிக்கும் துணிக்கும் வேலை உண்டு. பாலிஷ் போட்ட மரத்தில் சீட்டைப் பரிமாறினால் அதன் முகம் பலகையில் பிரதிபலிக்கலாம். வெறும் பலகையில் கிடக்கும் சீட்டை நகத்தால் எடுப்பதும் கஷ்டம். கம்பளித் துணி இரண்டையும் தீர்த்தது.

கடையில் வாங்காமல் செய்துகொண்ட மேஜைகளில் பிரபலமானது ஜனாதிபதி ஹாரி ட்ரூமனுடையது. ஃபுளோரிடா மாநிலம் கீ வெஸ்டில் அவர் ஓய்வெடுக்கும் வீட்டுக்கு 1949-ல் கடற்படைத் தச்சர்கள் செய்து கொடுத்தார்கள். சாம்பல் கிண்ணங்கள் பீரங்கிக் குண்டின் பித்தளை உறைகளால் ஆனவை. ஆட்டம் முடிந்ததும் மேலே ஒரு பலகையை மூடினால் சாதாரண மேஜை. நாட்டின் ஜனாதிபதிக்கே போக்கர் கொஞ்சம் மறைக்க வேண்டிய சங்கதியாகத்தான் இருந்தது.

வட்ட மேஜையை நீள்வட்டமாக்கியது 'டெக்சஸ் ஹோல்டம்' என்ற ஆட்ட வகை. ஐந்து சீட்டு ஆட்டத்தில் பத்து பேர் உட்கார்ந்தால் 50 சீட்டு போய்விடும், மாற்றிக்கொள்ள இரண்டே மிஞ்சும். ஹோல்டமில் ஆளுக்கு இரண்டு, நடுவில் பொதுவாக ஐந்து. பத்து பேர் தாராளமாக ஆடலாம். ஆனால் பத்து பேருக்கு வட்ட மேஜை செய்தால் குறுக்களவு ஆறடியைத் தாண்டும். எதிரில் இருப்பவருக்குச் சீட்டு எட்டாது. அதனால் மேஜையை நீட்டி, சீட்டு பரிமாறுபவரை நீளவாட்டின் நடுவில் உட்கார வைத்தார்கள்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. ஆடுபவரின் சீட்டு தெரியாமல் போக்கரைப் பார்ப்பது போல அலுப்பு வேறில்லை. போலந்தில் பிறந்து, நாஜி முகாம்களிலிருந்து தப்பிப் பிழைத்து, அமெரிக்காவில் பொம்மைத் தொழிலில் பணம் சேர்த்த ஹென்றி ஓரன்ஸ்டீன் இதற்கு வழி கண்டார். மறைத்த சீட்டை நேயர்களுக்கு மட்டும் காட்டும் கேமரா மேஜைக்கு 1995-ல் காப்புரிமை பெற்றார். 1999-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மேஜையில் கண்ணாடி பதித்து, அடியிலிருந்து கேமரா பார்த்தது. ஒரு காலத்தில் 'பூச்சி' ஒட்டிக்கொண்டிருந்த இடம்!

2003-ல் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியின் முக்கிய ஆட்டத்தில் 839 பேர் கலந்துகொண்டார்கள். டென்னசியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் சிறு தொகை கட்டி ஆடி உள்ளே வந்தவர், 25 லட்சம் டாலர் வென்றார். (உண்மையான பெயரே அதுதான்!) அடுத்த வருடம் 2,576 பேர், 2006-ல் 8,773 பேர். டிவியில் பார்த்த அதே நீள்வட்ட மேஜை வீட்டிலும் வேண்டும் என்று கணக்கர்களுக்கெல்லாம் ஆசை வந்தது. நல்ல மேஜையின் விலையோ எட்டாத உயரம். ரம்பம் கைக்கு வந்தது.

அளவு ஏற்கெனவே தயாராக இருந்தது என்பதுதான் வேடிக்கை. கடையில் கிடைக்கும் பிளைவுட் 8 அடிக்கு 4 அடி. அதன் இரு முனைகளையும் 2 அடி ஆர அரைவட்டமாக வெட்டினால் சுற்றளவு இருபதரை அடி. பத்து பேருக்கு ஆளுக்கு இரண்டு அடி. ஓர் ஆணி, ஒரு கயிறு, ஒரு பென்சில் இருந்தால் வளைவு போடலாம். பலகையின் ஓரத்தை நாலைந்து அங்குல அகலத்தில் வளையமாக வெட்டியெடுத்தால் அது கைவைக்கும் திண்டு. உள்ளே மிஞ்சுவது ஆடும் தளம். இரண்டையும் அடியில் இன்னொரு பிளைவுட்டில் முடுக்க வேண்டும். திண்டுக்குத் தடித்த ஃபோம் வைத்து, ரெக்சினை இழுத்து ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். வளைவுகளில் ரெக்சின் சுருங்காமல் இழுக்க இரண்டு பேர் வேண்டும். தளத்துக்குக் கால் அங்குல ஃபோமும் துணியும். அவற்றின் கனத்துக்கு இடம்விட்டுத் தளத்தின் ஓரத்தைச் சீவாவிட்டால் அது வளையத்துக்குள் இறங்கவே இறங்காது. அந்த மெத்தென்ற ஃபோம் இருப்பதால்தான் சீட்டின் மூலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பார்க்க முடிகிறது, பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாமல்.

சட்டமும் கொஞ்சம் இடம் கொடுத்தது. உதாரணமாக டெக்சஸ் மாநிலத்தில், தனியார் இடத்தில், எல்லோருக்கும் ஒரே வாய்ப்புடன், ஜெயித்த பணம் தவிர யாரும் எந்தப் பங்கும் எடுக்காமல் ஆடினால் குற்றமில்லை. அதாவது மேஜை செய்தவர் மேஜைக்கு வாடகை வாங்கக் கூடாது. மரம், துணி, உழைப்பு எல்லாம் அவர் கணக்கு.

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய இணையப் போக்கர் தளங்களை அந்நாட்டவருக்கு மூட வைத்தது. வீட்டு மேஜைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. துணியில் கறை ஏறியதும் அடியிலுள்ள ஸ்டேப்பிள்களை ஸ்குரூ டிரைவரால் பிடுங்கிவிட்டுப் புதுத் துணி போட்டுக்கொண்டார்கள். பச்சைக் கம்பளிக்குப் பதில், தண்ணீர் ஒட்டாத வழுவழுப்பான பாலியெஸ்டர்.