சுக்கானுக்கு வேண்டிய எண்ணெய்

மோட்டார் வண்டியின் சுக்கானை, அதாவது ஸ்டியரிங்கைத் திருப்புவது ஒரு காலத்தில் தோள்வலிமைக்குரிய வேலையாக இருந்தது. அவ்வேலையை அழுத்தமூட்டிய எண்ணெயிடம் ஒப்படைக்க முயன்றவருள் முதன்மையானவர் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1926ஆம் ஆண்டிலேயே அவர் தமது அமைப்பை ஓட்டிக் காட்டினார். ஆயினும், விற்பனைக்கு வந்த காரொன்றில் பவர் ஸ்டியரிங் இடம்பெற்றது 1951இல், கிறைஸ்லர் இம்பீரியல் காரிலேயாம்.

அந்த ஐம்பதுகளில் இலங்கைக்கு வந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களில் இவ்வசதி இல்லை. அக்குறையே பிற்காலத்தில் வன்னிக்கு உதவிற்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. 1996இல் கிளிநொச்சி படையினர் வசமானபோது, இடம்பெயர்ந்தோர் பலர் மாங்குளத்திற்கு மேற்கேயுள்ள மல்லாவியை அடைந்தனர். நோயாளரை ஏற்றிச் செல்லவும் வண்டி வேண்டுமன்றோ? வன்னியெங்கும் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பம்பும் குழாயும் இல்லாத அவற்றின் சுக்கான் பெட்டிக்குத் தடித்த கியர் எண்ணெய் சிறிதே போதுமாயிருந்தது.

தொல்லை எஞ்சினில் இருந்தது. சில துளி பெற்றோலால் அதனை இயக்கிச் சூடாக்கியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். முற்றும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைந்திராது, கூடியிருக்கும்! அதைக் கண்டு மகிழும் சாரதி, நீர்த்துப்போன எண்ணெயால் எஞ்சினையே இழக்க நேரிடும்.

2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. பவர் ஸ்டியரிங் பொருத்திய ஜப்பானிய வான்கள் வந்தன. அவற்றுடன் புதிய கவனமும் வேண்டியதாயிற்று. இங்கே எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. கலத்தின் கீழ்க்கோட்டுக்கு அது இறங்கினால், எங்கோ கசிகிறது என்பதே பொருள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளவைப் பார்த்து, தயாரிப்பாளர் குறித்த எண்ணெயை மேற்கோடு மட்டும் விடவேண்டும். அவசரத்திற்குப் பிரேக் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் அடைப்புகள் ஊதிக் கெடும். எண்ணெய் விட்டபின் எஞ்சினை ஓடவிட்டு, சுக்கானை இருபுறமும் மெல்லத் திருப்பினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். திருப்பும்போது பம்ப் முனகுமாயின் காற்று இன்னும் இருக்கிறது, அல்லது எண்ணெய் போதவில்லை.

1988இல் சுசுக்கி செர்வோ காரில் மின்சார மோட்டாரே சுக்கானுக்குத் துணையாயிற்று. அவ்வழியில் வந்த இன்றைய கார்களின் முன்மூடியைத் தூக்கித் தேடினாலும் அந்த எண்ணெய்க்கலம் அகப்படாது.