கொலோனோஸ்கோபி பண்ணச் சொல்லிட்டாங்களா? பயப்படாம இதைப் படிச்சுட்டுப் போங்க!

மலத்துல ரத்தம் வந்தா நாம முதல்ல சொல்ற காரணம் 'உடம்பு சூடு'. அடுத்தது, 'பைல்ஸா இருக்கும்'. மெடிக்கல் ஷாப்ல ஆயின்மென்ட் வாங்கித் தடவி, மோர் குடிச்சு, ரெண்டு மாசம் ஓட்டிட்டு, கடைசியில டாக்டர்கிட்ட போறோம். அவர் 'எதுக்கும் ஒரு கொலோனோஸ்கோபி பார்த்துடலாம்'னு எழுதிக் கொடுத்ததும் மனசுல ஓடுறது ரெண்டே கேள்விதான். வலிக்குமா? எல்லார் முன்னாடியும் மானம் போயிடுமா?

ரெண்டுமே நீங்க நினைக்கிற அளவுக்கு இல்லை. உண்மையில கஷ்டம் டெஸ்ட்ல இல்லை, அதுக்கு முந்தின நாள்லதான் இருக்கு. என்ன நடக்கும், எப்படித் தயாராகணும்னு வரிசையா பார்ப்போம்.

கொலோனோஸ்கோபின்னா என்ன?

நம்ம பெருங்குடல் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளம். நுனியில கேமராவும் லைட்டும் பொருத்தின, விரல் தடிமனே இருக்கிற, நல்லா வளையக்கூடிய குழாயை ஆசனவாய் வழியா செலுத்தி, பெருங்குடல் முழுசையும் திரையில பார்க்கிறதுதான் கொலோனோஸ்கோபி. சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா, அதே குழாய் வழியாவே சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவாங்க. 'பாலிப்'ங்கிற சின்ன சதை வளர்ச்சி இருந்தா, பெரும்பாலும் அப்பவே நீக்கிடுவாங்க. கத்தி, தையல் எதுவும் கிடையாது.

யாருக்கு எழுதித் தர்றாங்க?

மலத்துல ரத்தம், வாரக்கணக்குல நீடிக்கிற பேதி அல்லது மலச்சிக்கல், காரணமே இல்லாம எடை குறையறது, காரணம் தெரியாத ரத்தசோகை... இப்படி இருந்தா வயசு வித்தியாசம் இல்லாம எழுதித் தருவாங்க. குடல்ல புண், வீக்கம் இருக்கிறவங்களுக்கும் தேவைப்படும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தா, உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லைன்னாலும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அவங்களுக்கு நோய் வந்த வயசுக்கு 10 வருஷம் முன்னாடியோ, 40 வயசுலயோ, எது முதல்ல வருதோ அப்போ பரிசோதனையை ஆரம்பிக்கிறது வழக்கம்.

தேதி வாங்கும்போதே சொல்லிடுங்க

* ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுக்கிறீங்களா? எதை நிறுத்தணும், எப்போ நிறுத்தணும்னு டாக்டர்தான் சொல்லணும். நீங்களா நிறுத்தக் கூடாது.
* இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கி, குடலைச் சரியா பார்க்க விடாது. அதனால சில நாள்கள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க.
* இதயம், சிறுநீரகப் பிரச்னை, மருந்து அலர்ஜி, கர்ப்பம் எதையும் மறைக்காதீங்க.
* பீரியட்ஸ் நேரத்துலயும் டெஸ்ட் பண்ணலாம். நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்.
* மயக்க மருந்து, பயாப்ஸி, பாலிப் நீக்கறது இதெல்லாம் பில்லுல தனித்தனியா வருமான்னு முதல்லயே கேட்டுக்கங்க.

2, 3 நாள் முன்னாடி: கொய்யாவுக்கு லீவு

குடல்ல எதுவும் ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. அதனால கீரை, தக்காளி, கத்திரிக்காய், வெண்டைக்காய், கொய்யா, மாதுளை, சிறுதானியம், கொண்டைக்கடலை எல்லாத்துக்கும் தற்காலிக ஓய்வு. இட்லி, இடியாப்பம், வெள்ளைச் சோறு, முட்டை, வேகவெச்ச மீன் மாதிரி லேசான சாப்பாடு போதும்.

முந்தின நாள்: இதுதான் மெயின் பிக்சர்

அன்னிக்குத் திட உணவு பெரும்பாலும் கிடையாது. இளநீர், வடிகட்டின தெளிவான சூப், பால் இல்லாத டீ, சக்கை இல்லாத ஆப்பிள் ஜூஸ் குடிக்கலாம். பால், மோர், காபியில பால் எதுவும் வேண்டாம். சிவப்பு, ஊதா நிற ஜூஸும் ஜெல்லியும் வேண்டாம். உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரி தெரிஞ்சு குழப்பும்.

சாயந்திரம் பேதி மருந்து. பெரும்பாலும் தண்ணியில கலக்கிற பவுடர், மொத்தம் ரெண்டு லிட்டர் அளவுக்கு வரும். இப்பல்லாம் பல இடங்கள்ல பாதியை முந்தின நாள் சாயந்திரமும், மீதியை டெஸ்ட் அன்னிக்கு அதிகாலையிலயும் குடிக்கச் சொல்றாங்க. உப்பும் வழவழப்புமா ஒரு மாதிரி இருக்கும். ஃபிரிட்ஜ்ல வெச்சு சில்லுனு, ஸ்ட்ரா போட்டுக் குடிச்சா ஓரளவு இறங்கும். ஒரே மூச்சுல குடிக்காம, 15 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர்னு குடிங்க.

குடிச்ச ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் பாத்ரூம் பக்கத்துலயே குடியிருங்க. அடிக்கடி கழுவி எரிச்சல் வரும்கிறதால, துடைக்காம ஒத்தி எடுத்துட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கங்க. கடைசியில சிறுநீர் மாதிரி மஞ்சளா, தெளிவா போனா குடல் சுத்தம்னு அர்த்தம். 'போதும்பா'ன்னு பாதி மருந்தை சிங்க்ல ஊத்திடாதீங்க. சுத்தமாகலைன்னா சின்ன பாலிப் கண்ணுல படாமப் போகலாம், இல்லைன்னா இன்னொரு நாள் இதே ரெண்டு லிட்டரைத் திரும்பக் குடிக்கணும்.

டெஸ்ட் அன்னிக்கு

எத்தனை மணியில இருந்து தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கங்க. கூட ஒருத்தர் வரணும், இது கட்டாயம். ஆஸ்பத்திரி கவுன் மாத்தி, கையில ஊசி போடுவாங்க. இடதுபக்கமா ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கிப் படுக்கணும். தேவையான இடம் தவிர மத்ததெல்லாம் துணியால மூடியிருக்கும். உள்ளே டாக்டரும் ரெண்டு மூணு உதவியாளர்களும்தான் இருப்பாங்க. பெண்கள், பெண் நர்ஸ் கூட இருக்கணும்னு தயங்காம கேட்கலாம்.

தூக்க மருந்து கொடுத்தா பலருக்கு நடந்ததே ஞாபகம் இருக்காது. மருந்து இல்லாம பண்ற இடங்களும் உண்டு. அப்போ குடலை விரிக்கக் காத்து செலுத்தும்போது வயிறு உப்பின மாதிரி இருக்கும், வளைவுகள்ல சுருக்குனு பிடிக்கும். மூச்சை நல்லா இழுத்து விடுங்க. தாங்க முடியலைன்னா உடனே சொல்லுங்க. பொதுவா 20 முதல் 40 நிமிஷத்துல முடிஞ்சிடும்.

முடிஞ்சதும்...

உள்ளே போன காத்து வெளியே வந்தாகணும். அடக்காதீங்க, அங்க யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. தூக்க மருந்து போட்டிருந்தா 24 மணி நேரத்துக்கு பைக், கார் ஓட்டாதீங்க, முக்கியமான பேப்பர்ல கையெழுத்தும் போடாதீங்க. பயாப்ஸி எடுத்திருந்தா லேசா ரத்தம் கசியலாம். ஆனா கடுமையான வயித்துவலி, காய்ச்சல், நிக்காத ரத்தம்னா ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க. குடல்ல ஓட்டை விழற ஆபத்து ஆயிரத்துல ஒருத்தருக்கும் குறைவு. அரிதுதான், ஆனா வந்தா காத்திருக்கக் கூடாது.

'பாலிப் இருக்கு'ன்னு சொல்லிட்டாங்களா?

உடனே கூகுள் பண்ணிப் பயப்படாதீங்க. பெரும்பாலான பாலிப் புற்றுநோய் ஆகறதில்லை. ஆகக்கூடிய வகையா இருந்தாலும் பொதுவா 10 வருஷம் வரைக்கும் எடுத்துக்கும். அதுக்குள்ள நீக்கிட்டா, வரவிருந்த புற்றுநோயையே தடுத்த மாதிரி. இந்த டெஸ்ட்டோட பெரிய பலமே இதுதான்.

'பிளாக் பாந்தர்' ஹீரோ சாட்விக் போஸ்மேனுக்கு 2016-ல பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டப்போ அது மூணாவது கட்டத்துல இருந்தது. 2020-ல இறந்தப்போ அவருக்கு வயசு 43. அமெரிக்காவுல தொந்தரவு இல்லாதவங்களுக்கும் பரிசோதனை ஆரம்பிக்கிற வயசை 2021-ல 50-ல இருந்து 45-ஆகக் குறைச்சாங்க. அடுத்த வருஷம், 45 வயசுல இருந்த 'டெட்பூல்' நடிகர் ரையன் ரெனால்ட்ஸ் தன்னோட கொலோனோஸ்கோபியை கேமராவுல பதிவு பண்ணி உலகத்துக்கே காட்டினார். அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆனா உள்ளே ஒரு பாலிப் இருந்தது, அப்பவே நீக்கிட்டாங்க.

பைல்ஸாவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது நீங்களோ, மெடிக்கல் ஷாப் அண்ணனோ இல்லை. டாக்டர் தேதி கொடுத்தா தள்ளிப்போடாம போயிட்டு வாங்க. முந்தின நாள் மட்டும் ஃபோன் சார்ஜரை பாத்ரூம் பக்கத்துல வெச்சுக்கங்க!