முற்றவெளியும் தேநீர்க்கடை வாங்கும்

யாழ்ப்பாண நகரத்தார் காசின்றி மாலைப்பொழுதைக் கழிக்க வாய்த்த இடம் முற்றவெளி. ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டையின் அருகே பரந்து கிடக்கும் திடல் அது. பீரங்கியின் பார்வைக்கு மறைப்பின்றி விடப்பட்ட வெளியிலே, பிற்காலத்தில் குடும்பங்கள் கடனீரேரிக் காற்று வாங்கின, கச்சான் கொறித்தன. காற்றொன்றுக்கும் கடலைக்கும் அந்நாட்டிலே கச்சான் என்றே பெயர்!

அங்கிருந்து எழுந்து, கடைவீதியில் ஒரு தேநீர் அருந்துவதோ எல்லார்க்கும் இயன்ற காரியமன்று. தீண்டாமைக்கு ஆளான குடும்பத்தினர் கையில் காசிருந்தும் கடைக்குள் வாங்கில் அமர இயலாது. தந்தை வெளியே நின்று, சிரட்டையிலோ போத்தலிலோ தகரப்பேணியிலோ வாங்கிக் குடிப்பார். அருகில் நிற்கும் பிள்ளை, உள்ளே அடுக்கியிருக்கும் கண்ணாடிக் குவளைகளைப் பார்த்து நிற்கும்.

அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை இவ்வழக்கத்தை நெடுங்காலம் எதிர்த்தது. சாதியின் பெயரால் கடைகளிலும் பொதுவிடங்களிலும் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. சட்டப்புத்தகத்தில் ஏறிய உரிமை வாங்கில் ஏறவில்லை.

1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடிக்குப் பின்னரும் அது யாழ்ப்பாணம் வந்து, காற்று வாங்கும் அதே முற்றவெளியிலே கூட்டம் கூடியது. மறு ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அமைந்தது. சங்கானை முதலிய ஊர்களிலே இளைஞர் கடைக்குள் நுழைந்து வாங்கில் அமர்ந்து தேநீர் கேட்டனர். சிலவிடத்தில் அடி விழுந்தது. சிலவிடத்தில் குவளை வந்தது.